ஜிம்முக்குத்தான் வந்தேன், ஆஸ்பத்திரிக்கு இல்லை

"சேட்டா, பிசியோதெரபி செண்டர் அடுத்த வளவிலாணு."

வீல்சேரோட ஒரு ஜிம் வாசல்ல போய் நின்னா மட்டாஞ்சேரியில கிடைக்கிற முதல் வரவேற்பு இதுதான். அடுத்த வளைவுல இருக்குன்னு கையை நீட்டி, ரொம்ப அக்கறையா வழி சொல்றாங்க. தப்பான இடத்துக்கு வந்துட்டேன்னு நினைச்சுட்டாங்க பாவம். "இல்ல தம்பி, ஜிம்முக்குத்தான் வந்தேன்"னு சொன்னா ஒரு நிமிஷம் முழிப்பாங்க. அப்புறம் என் காலைப் பார்ப்பாங்க. அப்புறம் உள்ளே போய் முதலாளியைக் கூட்டிட்டு வருவாங்க.

போன வருஷம் இப்படி மூணு ஜிம் ஏறி இறங்கினேன். (ஏறி இறங்கினேன்னு சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்றேன். ஏறவே முடியலைங்கிறதுதானே பிரச்சினை!)

முதல் ஜிம் மாடியில. லிஃப்ட் கிடையாது. ஆனா பசங்க தங்கமான பசங்க. "சேட்டன் விஷமிக்கண்டா, ஞங்கள் பொக்கித் தராம்"னு நாலு பேரு சட்டைக்கையை மடிச்சுட்டு இறங்கி வந்துட்டாங்க. கவலைப்படாதீங்க, நாங்க தூக்கிட்டுப் போறோம்னு அர்த்தம். தூக்கவும் தூக்கினாங்க. வீல்சேரை எங்கே பிடிச்சுத் தூக்கணும்னு தெரியாம ஒருத்தர் கழட்டி மாட்டுற கைப்பிடியைப் பிடிச்சார், அது கையோட வந்துருச்சு. மாடிப்படி நடுவுல அந்தரத்துல நான். மேலே போய்ச் சேர்ந்ததும் எல்லாரும் கைதட்டினாங்க. அன்னிக்கு நான் செஞ்ச மொத்த உடற்பயிற்சி, விழாம இருக்க பல்லைக் கடிச்சுட்டு உட்கார்ந்திருந்ததுதான்.

தூக்கிட்டுப் போறதுல என்ன சிக்கல்னு நிறையப் பேர் கேட்கிறாங்க. உதவிதானே? உதவிதான், இல்லைன்னு சொல்லலை. ஆனா ஜிம்முங்கிறது கல்யாண வீடு இல்லை, ஒரு நாள் தூக்கிட்டுப் போய் பந்தியில உட்கார வைக்கிறதுக்கு. வாரத்துக்கு மூணு நாள், வருஷம் பூரா போகணும். அந்த நாலு பேரும் ஒரே நேரத்துல அங்கே இருக்கிற நாள்தான் எனக்கு ஜிம் உண்டுன்னா, அதுக்குப் பேர் மெம்பர்ஷிப் இல்லை.

ரெண்டாவது ஜிம் தரைத்தளம். கண்ணாடிக் கதவு, ஏசி, பளபளன்னு மெஷினுங்க. வாசல்ல ஒரே ஒரு படிதான். அதைக்கூட முன்சக்கரத்தைத் தூக்கி நானே ஏறிட்டேன். முதலாளி மரியாதையா உட்கார வச்சு (நான் ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தேன் :-)) டீ கொடுத்துட்டுச் சொன்னார்: "சார், ஏதாவது ஆச்சுன்னா எங்களுக்கு ரிஸ்க். மத்த மெம்பர்ஸுக்கும் ஒரு சங்கடம் பாருங்க." என்ன சங்கடம்னு கேட்டேன். அதுக்கு அவர்கிட்ட பதில் இல்லை. டீ மட்டும் நல்லா இருந்தது.

மூணாவது ஜிம்மைப் பத்திக் கடைசியில சொல்றேன். அதுக்கு முன்னாடி, எனக்கு எதுக்கு ஜிம்முங்கிற கேள்வி. இதை ஜிம்காரங்களை விட எங்க அம்மாதான் அதிகமாக் கேட்டாங்க. கோவில்பட்டியிலேருந்து போன்ல, "ஏய்யா, இருக்கிற ஒடம்பை வச்சுக்கிட்டு சும்மா இருக்கக் கூடாதா, ஒனக்கு எதுக்குய்யா இந்தச் சோலி?"

அம்மா, காலு இருக்கிறவங்களுக்கு ஜிம் ஒரு ஆசை. எனக்கு அது அவசியம்மா.

பைக் விபத்துல முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே வேலை செய்யறதில்லை. அப்போ என் கால் எதுன்னா என் ரெண்டு தோள்தான். கட்டில்லேருந்து சேருக்கு, சேர்லேருந்து டாய்லெட்டுக்கு, சேர்லேருந்து ஆட்டோவுக்கு, எல்லாத்துக்கும் கையை ஊனி உடம்பு மொத்தத்தையும் தூக்கணும். இது போதாதுன்னு ஒரே இடத்துல அழுந்தி புண் வரக்கூடாதுன்னு கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் உடம்பை உயர்த்திக்கணும். தோள் மூட்டு இதுக்குன்னு படைக்கப்பட்டதே இல்லை. இடுப்பு மூட்டு உடம்பைத் தாங்கறதுக்கு, தோள் மூட்டு கையை எல்லாப் பக்கமும் சுழட்டறதுக்கு. நாம ரெண்டு வேலையையும் அதுகிட்டயே கொடுக்கிறோம். கொஞ்ச வருஷத்துல அது முரண்டு பிடிக்கும்.

எனக்கும் பிடிச்சது. வலது தோள்ல ராத்திரி திரும்பிப் படுக்க முடியாத வலி. டாக்டரம்மா சொன்ன விளக்கம் எனக்கு அப்படியே மனசுல பதிஞ்சுருச்சு. சக்கரத்தைத் தள்ளறது எல்லாம் நெஞ்சும் தோளோட முன்பக்கமும் செய்யற வேலை. அது தினம் தினம் பலமாகிட்டே போகும். முதுகுப் பக்கத்துத் தசைக்கு வேலையே இல்லை, அது சோர்ந்து போகும். முன்பக்கம் இழுக்க இழுக்க தோள் முன்னாடி சாய்ஞ்சு, உள்ளே இருக்கிற தசைநார் எலும்புக்கு நடுவுல மாட்டி உரசும். மருந்து வலியைத்தான் குறைக்கும். தீர்வு வேணும்னா இழுக்கிற பயிற்சி செய்யணும், எடையோட, வாராவாரம். வீட்டுல ரப்பர் பட்டையை ஜன்னல் கம்பியில கட்டி இழுத்துப் பார்த்தேன். ஆறு மாசத்துல ரப்பர் பட்டை எனக்குப் பத்தலை. (ஜன்னலுக்கும் தாங்கலை.) கேபிள் மெஷின் வேணும்னா ஜிம்முக்குத்தான் போகணும்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. முதுகுத்தண்டு பாதிப்பு உள்ளவங்களுக்குன்னு 2018ல ஒரு சர்வதேச வழிகாட்டி வந்தது. குறைஞ்சபட்சம் வாரத்துக்கு ரெண்டு தடவை 20 நிமிஷம் மூச்சு வாங்கற மாதிரி பயிற்சி, அதோட ரெண்டு தடவை ஒவ்வொரு முக்கியத் தசைக்கும் மூணு செட் எடைப் பயிற்சின்னு அது சொல்லுது. உலக சுகாதார நிறுவனம் 2020ல வெளியிட்ட உடற்பயிற்சிப் பரிந்துரைகள்லதான் முதல் தடவையா மாற்றுத்திறனாளிகளுக்குன்னு தனியா ஒரு பகுதி சேர்த்தாங்க. அது வரைக்கும் நாங்க யார் கணக்கிலேயும் இல்லை போல.

"அதான் பிசியோதெரபி இருக்கே"ன்னு சொல்றவங்களுக்கு ஒரு கொச்சிக்காரம்மாவைப் பத்திச் சொல்லணும். டாக்டர் மேரி வர்கீஸ். 1925ல பிறந்தவங்க. நம்ம வேலூர் சி.எம்.சி.யில படிச்சு அங்கேயே வேலை பார்த்துட்டு இருந்தப்போ 1954ல வண்டி விபத்து, இடுப்புக்குக் கீழே செயல் போச்சு. அதுக்கப்புறம் வீல்சேர்ல உட்கார்ந்தபடியே, தொழுநோயால மடங்கிப்போன கைகளுக்கு ஆபரேஷன் செஞ்சாங்க. அப்புறம் நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படிச்சுட்டுத் திரும்பி வந்தாங்க. வேலூர் பக்கத்துல பாகாயத்துல 1966ல மறுவாழ்வு மையம் வந்ததுக்குக் காரணம் அவங்கதான். 1972ல பத்மஸ்ரீ. அடிபட்டவங்களைக் கட்டில்லேருந்து எழுப்பி, சேர்ல உட்கார வச்சு, ஊருக்கு அனுப்பி வைக்கிறதுதான் அந்த மாதிரி மையங்களோட வேலை. அந்த வேலை சில மாசத்துல முடிஞ்சுரும், முடியவும் வேணும். இங்கிலாந்துல ஸ்டோக் மேண்டவில் ஆஸ்பத்திரியில லுட்விக் குட்மன் 1948ல 16 வீல்சேர்காரங்களை வச்சு வில்வித்தைப் போட்டி நடத்தினாரே, பின்னாடி பாராலிம்பிக்ஸா வளர்ந்தது, அதுவும் சிகிச்சை முடிஞ்சா வார்டை விட்டு வெளியே வந்து வாழணும்ங்கிற எண்ணத்துலதான்.

நானும் மறுவாழ்வு மையத்துல இருந்துட்டு வந்தவன்தான். அங்கே நான் நோயாளி. ஒருத்தர் சொல்வார், நான் செய்வேன், அவர் ஃபைல்ல எழுதுவார். ஜிம்ல நான் காசு கொடுத்து வர்ற மெம்பர். இன்னிக்கு என்ன செய்யணும்னு நான் முடிவு பண்ணுவேன், பிடிக்கலைன்னா பாதியில கிளம்புவேன், பக்கத்துல இருக்கிற பையனோட சினிமா பேசுவேன். முப்பது வருஷம் இந்த உடம்போட வாழப்போறவனை முப்பது வருஷமும் பிசியோதெரபி ரூம்லயே வச்சிருக்க முடியுமா என்ன?

சட்டம் என்ன சொல்லுதுன்னு பார்த்தா ஆச்சரியமா இருக்கும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. அதுல 'பொதுக் கட்டிடம்'ங்கிறதுக்கு விளக்கம் கொடுக்கும்போதே, அரசுக் கட்டிடமோ தனியார் கட்டிடமோ, பொதுமக்கள் வந்து போற இடமா இருந்தா எல்லாமே அடக்கம்னு சொல்லிட்டாங்க. வணிகம், பொழுதுபோக்கு எல்லாம் பட்டியல்ல இருக்கு. ஏற்கெனவே இருக்கிற கட்டிடங்களைச் சரி பண்ண, விதிகள் வந்ததுலேருந்து அஞ்சு வருஷம் டைம். விதிகள் வந்தது 2017 ஜூன். அப்போ கெடு 2022 ஜூன்லயே முடிஞ்சு போச்சு. சட்டத்தை மீறினா முதல் தடவை பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அடுத்தடுத்து மீறினா 50 ஆயிரத்துலேருந்து அஞ்சு லட்சம் வரை. ராஜீவ் ரதூரிங்கிறவர் 2005ல போட்ட வழக்குல உச்ச நீதிமன்றம் 2017ல ஒரு தடவை உத்தரவு போட்டு, 2024 நவம்பர் 8ஆம் தேதி மறுபடியும் சொல்லுச்சு: அணுகல் தரங்களை வெறும் ஆலோசனையா வைக்கக் கூடாது, கட்டாயமா ஆக்குங்கன்னு. ஒரே வழக்கு, 19 வருஷம்.

இதுக்கு நடுவுல எங்க பேரை மட்டும் வேகவேகமா மாத்திட்டாங்க. தமிழ்ல ஊனமுற்றோர் போய் மாற்றுத்திறனாளி. இங்கே மலையாளத்துல பின்னசேஷி. டெல்லியில திவ்யாங். வாசப்படி என்னவோ அதே உயரத்துலதான் இருக்கு.

அந்த வாசப்படிக்கு எவ்வளவு செலவாகும்? சரிவுப்பாதைக்கு 1:12ன்னு ஒரு கணக்கு. ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம். வாசல்ல 15 சென்டிமீட்டர் படி ஒண்ணு இருந்தா 1.8 மீட்டர் நீளத்துக்கு ஒரு இரும்புத் தகடு. ஒரு டிரெட்மில் வாங்கற காசுல இப்படி எத்தனையோ பண்ணலாம். மெஷினுக்கு நடுவுல 90 சென்டிமீட்டர் வழி விட்டா சேர் போகும். கேபிள் மெஷின் முன்னாடி தரையில திருகி வச்சிருக்கிற சீட்டைக் கழட்டி வைக்கிற மாதிரி மாத்தினா நான் என் சீட்டோடயே வந்துருவேன், அவங்களுக்கு ஒரு சீட் மிச்சம் :-)

பெஞ்ச் பிரஸ் பத்தி ஒரு வார்த்தை. சாதாரண ஜிம் பெஞ்ச் முப்பது சென்டிமீட்டர் சுமாருக்கு இருக்கும். படுக்கிறவங்க ரெண்டு காலையும் தரையில ஊனி பேலன்ஸ் பண்ணிப்பாங்க. எனக்கு அது முடியாது, பக்கவாட்டுல உருண்டுருவேன். பாரா பவர்லிஃப்டிங் போட்டியில வைக்கிற பெஞ்ச் 61 சென்டிமீட்டர் அகலம், ரெண்டு மீட்டருக்கு மேல நீளம், காலையும் பெஞ்ச் மேலயே நீட்டி வச்சு பட்டையால கட்டிக்கலாம். பஞ்சாப்காரர் ராஜிந்தர் சிங் ரஹேலு 2004 ஏதென்ஸ் பாராலிம்பிக்ஸ்ல 56 கிலோ பிரிவுல வெண்கலம் வாங்கினதும், சுதிர் 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில 212 கிலோ தூக்கி தங்கம் வாங்கினதும் அப்படிப்பட்ட பெஞ்ச்லதான். அவங்க மன உறுதியைப் பத்தி எல்லாரும் எழுதிட்டாங்க. பெஞ்சைப் பத்தி யாரும் எழுதலையேன்னு நான் எழுதறேன்.

மன உறுதின்னதும் ஞாபகம் வருது. ஒரு நாள் நான் பாட்டுக்கு இழுத்துட்டு இருந்தேன். பக்கத்துல ஒருத்தர் போன்ல படம் பிடிச்சு, பின்னணியில சோக வயலின் சேர்த்து, 'இவரால முடியும்னா உங்களால ஏன் முடியாது?'ன்னு ஸ்டேட்டஸ் போட்டுட்டார். எனக்கே யாரோ ஃபார்வேர்டு பண்ணினாங்க. அன்னிக்கு நான் இழுத்தது 15 கிலோ. 15 கிலோவுக்கு வயலினா! அந்த அண்ணாச்சிக்கு நல்ல மனசுதான், கோபமெல்லாம் இல்லை. ஆனா நான் சுமாராச் செய்யறதுக்கும் எனக்கு உரிமை இருக்கு இல்லையா? சோம்பேறித்தனமா ஒரு வாரம் வராம இருக்கிறதுக்கும்? மத்தவங்க யாரும் அங்கே யாருக்கும் உத்வேகம் கொடுக்க வர்றதில்லை, தொப்பை குறைக்க வர்றாங்க. நானும் கிட்டத்தட்ட அதுக்குத்தான்.

நல்லதையும் சொல்லணும். இதே கொச்சியில 2023 ஏப்ரல்ல வாட்டர் மெட்ரோ வந்தது. படகுத்துறையில மிதக்கிற மேடை போட்டிருக்காங்க. ஏற்ற இறக்கத்துக்குத் தகுந்த மாதிரி தண்ணியோட மேடையும் ஏறி இறங்கும், அதனால படகுத் தளமும் மேடையும் எப்பவும் ஒரே மட்டம். யார் கையையும் பிடிக்காம நேரா உருட்டிட்டு உள்ளே போயிடலாம். மட்டாஞ்சேரி டெர்மினல் 2025 அக்டோபர்லதான் திறந்தது. அதுக்கு முன்னாடி படகுன்னா, ஆடிட்டு இருக்கிற விளிம்புக்கும் கல்லுக்கும் நடுவுல ஒரு தாவல்தான். முதல் நாள் படகுல ஏறினப்போ யாருமே என்னைத் திரும்பிப் பார்க்கலை. கைதட்டலை. டிக்கெட்டைக் காட்டினேன், ஏறினேன், எதிர்க்காத்து வாங்கினேன். கடல் ஏறி இறங்கறதுக்கே வழி கண்டுபிடிச்ச ஊர்ல ஒரு ஜிம் வாசப்படியை அசைக்க முடியலைன்னா எப்படி நம்பறது?

வெளிநாட்டுல இருக்கிற நம்ம ஆளுங்களுக்கு இது புதுசா இருக்காது. அமெரிக்காவுல 1990 சட்டத்துலயே ஜிம்முன்னு பேர் சொல்லிச் சேர்த்திருக்காங்க. 2010ல வந்த தரத்துல ஒவ்வொரு வகை மெஷின்லயும் ஒண்ணுக்காவது பக்கத்துல வீல்சேர் நிக்க இடம் விடணும்னு இருக்கு. அதைப் பார்த்துப் பழகின நீங்கதான் நாவலூர்லயும் சரவணம்பட்டியிலயும் ஃபிளாட் வாங்கறீங்க. பிரோஷர்ல கிளப் ஹவுஸ், ஜிம்னு பெரிசாப் போட்டிருப்பான். அந்த ஜிம் வாசல்ல எத்தனை படின்னு ஒருத்தராவது கேட்டிருக்கீங்களா? அசோசியேஷன் மீட்டிங்ல பார்க்கிங்குக்கு ரெண்டு மணி நேரம் சண்டை போடறோம், இதுக்கு அஞ்சு நிமிஷம் பேசினா போதும். அப்பா அம்மா அந்த ஃபிளாட்லதான் இருக்கப்போறாங்க. அப்பாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆகி வாக்கரோட நிக்கும்போது, அந்தப் படி எனக்குத் தெரியற மாதிரியே அவருக்கும் தெரியும்.

இன்னொண்ணு, யாரும் சபையில பேசாதது. டாய்லெட். வாசல்ல சரிவு போட்ட ஜிம்லகூட டாய்லெட் கதவு 60 சென்டிமீட்டர்தான் இருக்கும், என் சேர் 64. அப்போ நான் என்ன செய்வேன்? மத்தியானத்துலேருந்தே தண்ணி குடிக்க மாட்டேன். முதுகுத்தண்டு அடிபட்டவங்களுக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே சரியா வேர்க்காது, உடம்புச் சூடு இறங்காது. கொச்சிப் புழுக்கத்துல தண்ணி குடிக்காம எடை தூக்கினா என்ன ஆகும்? போன ஏப்ரல்ல சிறுநீர்த் தொற்று வந்து, காய்ச்சலோட நாலு நாள் ஆஸ்பத்திரியில படுத்தேன். உடம்பை நல்லா வச்சுக்கப் போய் உடம்பைக் கெடுத்துட்டு வந்த கதை. வீட்டுக்காரி அன்னிக்கு ஒண்ணுமே சொல்லலை. சொல்லாததுதான் பயமா இருந்தது.

இப்போ அந்த மூணாவது ஜிம். பஜார் ரோடு பக்கம் ஒரு பழைய மசாலா கிடங்கு. ஒரு காலத்துல மிளகு மூட்டை, சுக்கு மூட்டை எல்லாம் கைவண்டியில உருட்டிட்டுப் போன இடம். அதனால அகலமான கதவு, உள்ளே ஒரே சமதளம், தூண்களுக்கு நடுவுல தாராளமா இடம். ஏசி கிடையாது, கண்ணாடி கிடையாது, மழை நாள்ல சுவர்லேருந்து இன்னும் லேசா மிளகு வாசனை வரும். நடத்தறவர் வயசான ஒரு இக்கா, அந்தக் காலத்து ஆணழகர். என்னைப் பார்த்ததும் பிசியோதெரபின்னு சொல்லாத ஒரே ஆள். "எந்தா வேண்டது? பேக்கோ, செஸ்டோ?"ன்னார். "பேக், இக்கா"ன்னேன். "ஃபீஸ் அட்வான்ஸ் தரணம்"னார். அவ்வளவுதான் இன்டர்வியூ.

வாசல்ல மட்டும் மழைத்தண்ணி உள்ளே வராம இருக்க ஒரு சிமெண்ட் தடுப்பு. ரெண்டாவது வாரம் வெல்டரைக் கூப்பிட்டு ஒரு புள்ளித் தகடு போட்டுட்டார். இப்போ அதுல என்னை விட அதிகமா ஏறி இறங்கறது பசங்களோட பைக்குங்கதான். சாயங்காலம் நான் போகும்போது தகடு மேல ஒரு ஸ்கூட்டர் நிக்காம இருந்ததே இல்லை. ஹாரன் அடிக்க எனக்கு ஹாரன் இல்லை, அதனால இக்கா உள்ளேருந்து கத்துவார். அவர் கத்தறதுக்கு நாலு தெரு கேட்கும்.

தோள் வலி முக்கால்வாசி போயிருச்சு. ராத்திரி வலது பக்கம் திரும்பிப் படுக்கிறேன். டாய்லெட் கதவைப் பெருநாள் கழிஞ்சு இடிச்சு அகலப்படுத்தறேன்னு இக்கா சொன்னார். எந்தப் பெருநாள்னு சொல்லலை. ஒரு பெருநாள் போயிருச்சு. நேத்து நான் டேப் எடுத்துட்டுப் போய், கதவை அளந்து, சுவர்ல சாக்பீஸால 90ன்னு கோடு போட்டுட்டு வந்திருக்கேன்.